பைராக்ஸிகாம் – பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் காம்ப்ளெக்ஸ்: ஸ்டெபிலிட்டியில் டிசல்யூஷன் இறங்குகிறது, ஏன்?

எம்ஃபார்ம்_புராஜெக்ட்:

வணக்கம். பைராக்ஸிகாம் (வலி நிவாரணி) 20 மி.கி. மாத்திரைக்காக பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினுடன் (நடுவில் குழி உள்ள வளையச் சர்க்கரை) காம்ப்ளெக்ஸ் செய்கிறேன், அதாவது மருந்தை அந்தக் குழிக்குள் அமர வைக்கிறேன். இதுவரை வந்த நிலவரம் இது.

பேஸ் சாலுபிலிட்டி (சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கூட்டக் கூட்ட மருந்து எவ்வளவு கரைகிறது என்ற சோதனை) 25 டிகிரியில், தண்ணீரில், 0 முதல் 12 மில்லிமோலார் வரை. நேர்கோடு (ஏ-எல் வகை), சாய்வு 0.0065. மருந்தின் தனிக் கரைதிறன் 0.070 மில்லிமோலார். கே மதிப்பு (பிணைப்பின் பலம்) மோலாருக்கு 93 என்று வந்தது. ஏ-எல் வகை என்பதால் 1:1 மோலார் விகிதம் எடுத்து, 50% எத்தனால் விட்டு மோர்ட்டாரில் 45 நிமிடம் பிசைந்து, 45 டிகிரியில் உலர்த்தி, 60 மெஷ்ஷில் சலித்தேன். பிசையும்போது வெள்ளையாக இருந்த பவுடர் நல்ல மஞ்சளாக மாறியது. காம்ப்ளெக்ஸ் ஆனதற்கு அது அடையாளம் என்று லேபில் சொல்கிறார்கள்.

0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 900 மி.லி., 15 நிமிடத்தில் டிசல்யூஷன் (கரைந்த மருந்தின் அளவு): தனி மருந்து 31%, ஃபிசிகல் மிக்ஸ்சர் (பிசையாமல் வெறுமனே கலந்தது) 46%, பிசைந்தது 72%. ஆனால் 40 டிகிரி, 75% ஈரப்பதத்தில் ஒரு மாதம் வைத்த பிறகு 72% என்பது 54% ஆகிவிட்டது. டி.எஸ்.சி.யில் (சூடேற்றி உருகுதலை அளக்கும் கருவி) 198 டிகிரி பக்கம், மருந்துப் படிகம் உருகும் இடத்தில், சின்னதாக, அகலமாக ஒரு பீக் ஆரம்பத்திலேயே இருந்தது.

காம்ப்ளெக்ஸ் உண்மையில் ஆகியிருக்கிறதா? ஸ்டெபிலிட்டியில் விழாமல் இருக்க என்ன மாற்ற வேண்டும்? பீட்டாவை விட்டு ஹைட்ராக்ஸிபுரோப்பைல் பீட்டாவுக்குப் (அதிகம் கரையும் மாற்று வகை) போய்விடலாமா?

ப்ரீஃபார்முலேஷன்:

கே மதிப்பை எடுத்துவிட்டீர்கள். அதே சாய்விலிருந்து இன்னொரு எண்ணையும் எடுத்துப் பாருங்கள். சாய்வை (1 – சாய்வு) ஆல் வகுத்தால் காம்ப்ளெக்ஸேஷன் எஃபிஷியன்சி. உங்கள் டேட்டாவுக்கு 0.0065 / 0.9935 = 0.00654. ஒரு மருந்து மூலக்கூறுக்கு எத்தனை சைக்ளோடெக்ஸ்ட்ரின் தேவை என்பது 1 + (1 / 0.00654), அதாவது சுமார் 154. நிறைவுற்ற கரைசலில் கூட 154 சைக்ளோடெக்ஸ்ட்ரினில் ஒன்றுதான் மருந்தைப் பிடித்திருக்கிறது. மற்றவை காலி.

ஏ-எல் கோடு, சாய்வு ஒன்றுக்குக் கீழே என்றால் "காம்ப்ளெக்ஸ் 1:1 என்று எடுத்துக்கொள்ளலாம்" என்பதுதான் பொருள். ஹிகுச்சியும் கானர்ஸும் 1965ல் கொடுத்த வகைப்பாடு அவ்வளவுதான் சொல்கிறது. மருந்தையும் சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் 1:1 ஆக எடை போட்டால் போதும் என்று அது எங்கும் சொல்லவில்லை. தீசிஸ்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இது.

இப்போது டிசல்யூஷன் வெசலுக்கு வருவோம். 20 மி.கி. பைராக்ஸிகாம் 900 மி.லி.யில் சுமார் 0.067 மில்லிமோலார். 1:1 என்பதால் சைக்ளோடெக்ஸ்ட்ரினும் அதே அளவு. அமிலத்தில் கே கொஞ்சம் மாறும், கணக்குக்கு 93ஐயே வைத்துக்கொள்வோம். பிணைந்திருக்கும் பங்கு 0.6% சுற்றித்தான் வரும். எவ்வளவு நல்ல காம்ப்ளெக்ஸைப் போட்டாலும் வெசலில் விழுந்து கரைந்ததும் 99%க்கு மேல் பிரிந்துவிடுகிறது. ஆகவே 31 என்பதை 72 ஆக்கியது கரைசலில் நடக்கும் காம்ப்ளெக்ஸேஷன் அல்ல. திடநிலையில் மருந்தின் படிக ஒழுங்கு குலைந்ததும், துகளைச் சுற்றி நன்றாக நனையும் சர்க்கரை இருப்பதும்தான் வேலை செய்திருக்கின்றன. ஃபிசிகல் மிக்ஸ்சரே 46% கொடுப்பது நனைதலின் பங்கைக் காட்டுகிறது.

இதனால் உங்கள் புராஜெக்ட் வீண் என்று நினைக்க வேண்டாம். பைராக்ஸிகாமுக்கு வேண்டியதே வேகம்தான். தண்ணீரில் அதன் கரைதிறன் மி.லி.க்கு 23 மைக்ரோகிராம் அளவில். 20 மி.கி.யை ஒரு டம்ளர் தண்ணீருக்கு, 250 மி.லி.க்கு, வகுத்தால் 80 மைக்ரோகிராம். இடைவெளி மூன்றரை மடங்குதான். உறிஞ்சுதல் எப்படியும் கிட்டத்தட்ட முழுமையாக நடக்கிற மருந்து. 1988ல் இத்தாலியின் கியேஸி நிறுவனம் கொண்டுவந்த பைராக்ஸிகாம்–பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் மாத்திரையின் லாபமும் அதுதான்: மொத்த உறிஞ்சுதல் மாறவில்லை, ரத்தத்தில் உச்ச அளவு வரும் நேரம் முன்னால் வந்தது. வலி நிவாரணிக்கு அது பெரிய விஷயம்.

அந்த மாத்திரையில் 191.2 மி.கி. காம்ப்ளெக்ஸ் 20 மி.கி. பைராக்ஸிகாமுக்குச் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 / 331.35 = 0.0604 மில்லிமோல், அதை 2.5ஆலும் 1135ஆலும் பெருக்கினால் 171 மி.கி. பீட்டா, மருந்தோடு சேர்த்து 191. ஆக விகிதம் 1:2.5. உங்கள் 1:1இல் மருந்து முழுவதையும் படிக நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்து அப்படியே வைத்திருக்க சைக்ளோடெக்ஸ்ட்ரின் போதவில்லை. 198இல் நிற்கும் பீக் அதைத்தான் சொல்கிறது.

திடநிலை:

மஞ்சள் நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பைராக்ஸிகாமின் நீரற்ற படிகம் வெள்ளை. அதில் மூலக்கூறு நடுநிலை ஈனால் வடிவத்தில் இருக்கிறது. ஸ்விட்டர்அயான் (நேர், எதிர் மின்சுமை இரண்டும் உள்ள) வடிவத்துக்குப் போனால் மஞ்சள். மோனோஹைட்ரேட் (ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம்) மஞ்சள். சைக்ளோடெக்ஸ்ட்ரினே இல்லாமல் நன்றாக அரைத்தாலும் மஞ்சள் தட்டும். சந்தேகம் இருந்தால் தனி மருந்தை அதே 50% எத்தனாலில் அதே 45 நிமிடம் பிசைந்து பக்கத்தில் வையுங்கள். இந்தக் கன்ட்ரோல் இல்லாமல் நிறத்தை ஆதாரமாக எழுதினால் வைவாவில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

டிசல்யூஷன் இறங்கியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிசைந்த பவுடரில் மூன்று வகை மருந்து இருக்கும்: குழிக்குள் போனது, ஒழுங்கில்லாமல் வெளியே கிடப்பது, மாறாத படிகம். 75% ஈரப்பதத்தில் நடுவில் உள்ளதுதான் முதலில் படிகமாகும். அது பழைய நீரற்ற படிகமாகத் திரும்பலாம், மோனோஹைட்ரேட்டாகவும் போகலாம். மோனோஹைட்ரேட் நீரற்றதைவிட மெதுவாகக் கரையும். எது என்று பவுடர் எக்ஸ்.ஆர்.டி.தான் (படிக வகையைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) சொல்லும். ஸ்டெபிலிட்டி சாம்பிள், தனி மருந்து, நீங்களே தயாரித்த மோனோஹைட்ரேட் (மருந்தைத் தண்ணீரில் கலக்கி இரண்டு நாள் சுழலவிட்டு வடிகட்டியது), பீட்டா தனியாக – நான்கையும் ஒரே நாளில் ஓட்டுங்கள். டி.ஜி.ஏ. (சூட்டில் எடை இழப்பை அளப்பது) இங்கே உதவாது. மோனோஹைட்ரேட் இழக்கும் தண்ணீர் 5.2% தான், பீட்டாவின் தண்ணீர் அதை மூடிவிடும்.

டி.எஸ்.சி.யில் பீக் காணாமல் போவதையும் அப்படியே நம்ப வேண்டாம். நிமிடத்துக்கு 10 டிகிரி என்று சூடேற்றும்போது மருந்து அந்தக் கருவிக்குள்ளேயே சைக்ளோடெக்ஸ்ட்ரினோடு கலந்து பீக் மறைவது உண்டு. ஃபிசிகல் மிக்ஸ்சரின் பீக்கோடு ஒப்பிட்டால்தான் பொருள். 1:1இல் மருந்தின் எடைப் பங்கு, நீரற்ற கணக்கில், 22.6%. தனி மருந்தின் உருகு வெப்பத்தில் ஃபிசிகல் மிக்ஸ்சர் ஏறக்குறைய அந்தப் பங்கைக் காட்டினால், பிசைந்ததில் மிச்சப் படிகம் எவ்வளவு என்று கணிக்கலாம். அது 10%ஆகக் குறைந்திருந்தால் ஏதோ ஆகியிருக்கிறது, ஆனால் ஃபிசிகல் மிக்ஸ்சரே 22ஐ நெருங்கவில்லை என்றால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. டி.எஸ்.சி.யில் சாம்பிள் வைக்கும் பேனின் மூடியில் ஊசித் துளை அவசியம், இல்லாவிட்டால் 100 டிகிரி பக்கம் பீட்டாவின் நீர் வெளியேறும் அகலமான பீக் அடிக்கோட்டையே சாய்த்துவிடும்.

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) இந்த ஜோடிக்குப் பலவீனமான சாட்சி. 3000 முதல் 3600 வரை பீட்டாவின் ஹைட்ராக்ஸில் பட்டை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குழிக்குள் போனதற்கு நேரடி ஆதாரம் வேண்டுமென்றால் கனநீரில் புரோட்டான் என்.எம்.ஆர். பீட்டாவின் எச்-3, எச்-5 இரண்டும் குழியின் உள்சுவரில் இருப்பவை. மருந்தின் அரோமாட்டிக் வளையம் உள்ளே வந்தால் அவை அப்ஃபீல்டு பக்கம் நகரும். வெளியே பார்க்கும் எச்-2, எச்-4 பெரிதாக அசையாது. ரோஸி (எந்த அணுக்கள் அருகருகே இருக்கின்றன என்று காட்டும் என்.எம்.ஆர். முறை) எடுக்க முடிந்தால் எந்த வளையம் உள்ளே இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் என்.எம்.ஆர். பேசுவது கரைசலைப் பற்றி. திடப் பவுடருக்கு எக்ஸ்.ஆர்.டி.யும் டி.எஸ்.சி.யும் சேர்ந்துதான் பேச வேண்டும்.

ப்ரீஃபார்முலேஷன்:

இனி செய்முறை. பிசைதலை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பைராக்ஸிகாம் அமிலத்தன்மை உள்ளது, அம்மோனியாவில் சுலபமாகக் கரையும், அம்மோனியாவோ உலரும்போது போய்விடும். இந்த இரண்டு குணங்களும் ஒன்றாகக் கிடைக்கும் மருந்துகள் குறைவு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1 கிராம் மருந்துக்கு: 3.018 மில்லிமோல், அதை 2.5ஆல் பெருக்கினால் 7.545 மில்லிமோல் பீட்டா, அதாவது 8.56 கிராம் நீரற்ற எடை. பாட்டிலில் இருப்பது நீரற்றதல்ல. பீட்டா காற்றிலிருந்தே 10 முதல் 14% வரை தண்ணீர் வைத்திருக்கும். கார்ல் ஃபிஷரில் (நீரின் அளவைக் காணும் சோதனை) 13% வந்தால் 8.56 / 0.87 = 9.84 கிராம் எடை போட வேண்டும். இதைத் திருத்தாமல் எடை போட்டால் நீங்கள் 1:2.5 என்று எழுதுவது உண்மையில் 1:2.2 தான்.

பீட்டா 25 டிகிரியில் மி.லி.க்கு 18.5 மி.கி. தான் கரையும், 70 டிகிரியில் சுமார் 120 மி.கி. கரையும். ஆகவே 100 முதல் 120 மி.லி. தண்ணீரை 70 டிகிரியில் வைத்து அதில் முழுவதும் தெளியும் வரை கரையுங்கள். தனி பீக்கரில் மருந்தை நீர்த்த அம்மோனியாவில், 60 டிகிரியில், தெளிவான மஞ்சள் கரைசல் ஆகும் அளவுக்கு மட்டும் அம்மோனியா விட்டுக் கரைத்து, இதோடு சேருங்கள். மூடி, 70 டிகிரியில் அரை மணி நேரம் கலக்கினால் போதும். ஃபியூம் ஹூட்டுக்குள் செய்யுங்கள். நேரத்தை இழுக்காதீர்கள்: காரத்திலும் சூட்டிலும் அமைட் பிணைப்பு உடைந்து 2-அமினோபிரிடின் வரும். அது பைராக்ஸிகாமின் அறியப்பட்ட அசுத்தம், ஹெச்.பி.எல்.சி.யில் கட்டாயம் பாருங்கள்.

ஸ்ப்ரே டிரையர் இருந்தால் உள்ளே 150–160, வெளியே 80–90 டிகிரி. ஃபீடு கடைசிவரை சூடாக இருக்க வேண்டும். டிரையருக்குப் போகும் சிலிகான் குழாயில் அரை மீட்டர் குளிர்ந்தாலும் பீட்டா உள்சுவரில் வெள்ளையாகப் படியத் தொடங்கும், நாசில் அடைபடும், பிறகு வெளியே வருவது வேறு விகிதம். ஃப்ரீஸ் டிரையர்தான் இருக்கிறது என்றால் இதே சிக்கல் உறைய வைக்கும்போது வரும்: மெதுவாகக் குளிர்ந்தால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் தனியாகப் பிரிந்து விழும். உருண்டைக் குடுவையில் மெல்லிய படலமாகச் சுழற்றி திரவ நைட்ரஜனில் உடனே உறைய வையுங்கள். பம்ப் ஆயிலுக்கு அம்மோனியா ஆகாது, டிராப் நன்றாகக் குளிர்ந்த பிறகே வாக்குவம் போடுங்கள்.

கடைசியில் பவுடரைத் தண்ணீரில் 1% போட்டு பி.எச். பாருங்கள். அம்மோனியா மிஞ்சியிருந்தால் அங்கேயே தெரியும்.

பிசைதல் தவிர வேறு வழியில்லை என்றால்: விகிதம் 1:2.5, எத்தனாலைக் குறைத்துத் தண்ணீரும் சில துளி நீர்த்த அம்மோனியாவும், ஒரு மணி நேரம், பசை காயவே விடாமல். எத்தனால் மருந்தைக் கரைக்க உதவுகிறது, ஆனால் அதுவும் குழிக்குப் போட்டி போடுகிறது, மருந்தைக் குழிக்குள் தள்ளும் நீரின் விசையையும் குறைக்கிறது. 50% என்பது அதிகம்.

திடநிலை:

மாத்திரையாக்கும்போது கவனிக்க ஒன்று. லூப்ரிகன்ட், டிஸ்இன்டகிரன்ட் பிரச்சினை இல்லை. லாக்டோஸ், கிராஸ்போவிடோன், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட், கொலாய்டல் சிலிகா, மெக்னீசியம் ஸ்டியரேட் வைத்து டைரக்ட் கம்ப்ரஷன் செய்துவிடலாம். ஆனால் நனைய வைக்க என்று சோடியம் லாரில் சல்பேட்டோ ட்வீன் 80ஓ சேர்க்காதீர்கள். லாரில் சல்பேட்டின் நீண்ட வால் பீட்டாவின் குழிக்குள் பைராக்ஸிகாமைவிடப் பல மடங்கு பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஈரக் கிரானுலேஷனில் அதைப் போட்டால் உலரும்போது மருந்து வெளியே தள்ளப்பட்டுப் படிகமாகும். டிசல்யூஷன் மீடியத்தில் சேர்த்தாலும் முடிவு உங்கள் பவுடரைப் பற்றியதாக இருக்காது.

பேக்கிங்: சாதாரண பி.வி.சி. பிளிஸ்டர் வேண்டாம். அலு-அலு, அல்லது டெசிகன்ட் போட்ட எச்.டி.பி.இ. பாட்டில். திறந்த பெட்ரி டிஷ்ஷில் 40/75 வைத்த டேட்டாவை மாத்திரையின் ஸ்டெபிலிட்டி என்று எழுத முடியாது. காரணம் கண்டுபிடிக்க மட்டும் அது நல்லது.

அப்புறம் யூ.வி. எஸ்ஸே. பைராக்ஸிகாமின் நிறமாலை பி.எச்.ஐப் பொறுத்து மாறும், சைக்ளோடெக்ஸ்ட்ரினும் சற்று நகர்த்தும். எல்லா சாம்பிளையும் கடைசியாக 0.1 மோலார் மெத்தனாலிக் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீர்த்து 334 நானோமீட்டரில் படித்தால் இரண்டு தொல்லையும் போகும். வடிகட்டும்போது நைலான் மெம்பிரேன் மருந்தை உறிஞ்சும் வாய்ப்பு உண்டு. பி.வி.டி.எஃப். 0.45 மைக்ரான் எடுத்து முதல் 3 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். பேஸ் சாலுபிலிட்டியில் தனிக் கரைதிறன் தவறினால் கே மதிப்பு முழுவதும் தவறும், ஏனென்றால் அது கீழே வகுக்கும் எண்ணாக இருக்கிறது.

சிரப்_செக்‌ஷன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது வாய்வழி திரவம், ஹைட்ராக்ஸிபுரோப்பைல் பீட்டா 30%. மருந்து நன்றாகக் கரைகிறது, ஆனால் மெத்தில், புரோப்பைல் பாரபென் வழக்கமான அளவில் போட்டும் ப்ரிசர்வேட்டிவ் டெஸ்ட்டில் தேறவில்லை. சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது.

கரைசல்:

பாரபென்கள் குழிக்குள் போய்விட்டன. கிருமியைக் கொல்வது கரைசலில் தனித்து இருக்கும் பாரபென் மட்டுமே. புரோப்பைல், மெத்திலைவிட இறுக்கமாகப் பிடிபடும். அதன் அளவைக் கூட்டிச் சரிசெய்யப் போனால் அது மருந்தையே வெளியேற்றத் தொடங்கும், சில நாளில் அடியில் படிகம் தெரியும். உங்கள் அமைப்பில் பாரபெனைத் துரத்துவதைவிட ப்ரிசர்வேட்டிவ் தேவைப்படாத வடிவத்துக்குப் போவது நல்லது: ஒரு வேளைக்கான சாஷே, அல்லது மருந்து தாங்கும் என்றால் குறைந்த பி.எச்.ஸும் புரோப்பிலீன் கிளைகாலும். எதுவானாலும் டெஸ்ட்டை இறுதிக் கலவையில்தான் செய்ய வேண்டும், சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாத பிளாசிபோவில் தேறினால் அதற்கு மதிப்பில்லை.

இட்ராகோனசோல் வாய்வழிக் கரைசல் நல்ல மாதிரி. மி.லி.க்கு 10 மி.கி. மருந்து, 400 மி.கி. ஹைட்ராக்ஸிபுரோப்பைல் பீட்டா, புரோப்பிலீன் கிளைகால், பி.எச். 2 பக்கம். இங்கே சைக்ளோடெக்ஸ்ட்ரின் செய்யும் வேலை மேலே பேசிய பைராக்ஸிகாம் மாத்திரையில் செய்வதற்கு முற்றிலும் வேறு. நடுநிலை பி.எச்.சில் கிட்டத்தட்ட கரையவே கரையாத மருந்தை அமிலமும் குழியும் சேர்ந்து பாட்டிலுக்குள்ளேயே கரைத்து வைத்திருக்கின்றன. அயனியான மருந்துக்கு கே குறையும், ஆனால் தனிக் கரைதிறன் அதைவிட அதிகமாகக் கூடுவதால் மொத்தத்தில் லாபம். கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடும் கரைசலை வெறும் வயிற்றிலும் கொடுப்பதன் காரணமும் இதுவே. ஆனால் 200 மி.கி. டோஸ் என்றால் நோயாளி 8 கிராம் சைக்ளோடெக்ஸ்ட்ரின் குடிக்கிறார். அது குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்கு உண்டாக்கும். உங்கள் 30%க்கும் டோஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருந்து கரைவதற்கு எவ்வளவு தேவையோ அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அளவுக்கு மீறிப் போட்டால் தனித்த மருந்து குறைந்து, குடல் சுவரைக் கடப்பதும் குறையும். குழிக்குள் இருக்கும் மருந்து சவ்வைக் கடக்காது.

எம்ஃபார்ம்_புராஜெக்ட்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. 1:2.5 அம்மோனியா முறையில் ஃப்ரீஸ் டிரையரில் போட்டுப் பார்க்கிறேன், தனி மருந்தைப் பிசைந்த கன்ட்ரோலையும் வைக்கிறேன். ஹைட்ராக்ஸிபுரோப்பைல் பீட்டா பற்றிய கேள்வி மட்டும் மிச்சம். வேறு குரூப்பில் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.க்கும் இதே முறையை யோசிக்கிறார்கள்.

ப்ரீஃபார்முலேஷன்:

உங்கள் மாத்திரைக்கு பீட்டாவே போதும். விலை குறைவு, வாய்வழிக்குப் பழக்கமானது. ஹைட்ராக்ஸிபுரோப்பைல் வகை அதிகம் கரையும் என்பது உண்மை, மி.லி.க்கு 600 மி.கி.க்கும் மேல். ஆனால் 20 மி.கி. மருந்துக்கு அந்தக் கரைதிறன் எங்கே தேவைப்படுகிறது? தவிர அது ஈரத்தை இழுக்கும், சப்ளையருக்குச் சப்ளையர் பதிலீட்டு அளவும் மூலக்கூறு எடையும் மாறும். மோலார் கணக்குக்கு அந்த லாட்டின் சர்ட்டிஃபிகேட்டில் உள்ள எடையைத்தான் எடுக்க வேண்டும்.

அது அவசியமாவது ஊசி மருந்தில். பீட்டாவை ரத்தத்தில் செலுத்த முடியாது, சிறுநீரகத்தில் படிந்து பாழாக்கும். அங்கே ஹைட்ராக்ஸிபுரோப்பைல் அல்லது சல்ஃபோபியூட்டைல் ஈதர் வகைதான். வோரிகோனசோல் 200 மி.கி. வயலில் சல்ஃபோபியூட்டைல் வகை 3200 மி.கி. இருக்கிறது, மோலார் கணக்கில் 1:2.6 அளவு. ரெம்டெசிவிர் 100 மி.கி. பவுடர் வயலில் 3 கிராம். இரண்டிலும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும் என்பதால் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குக் கொடுப்பதில் தயக்கம் வந்தது.

அசிக்ளோஃபெனாக்: 100 / 354.2 = 0.282 மில்லிமோல். 1:2.5 என்றால் பீட்டா மட்டும் 801 மி.கி., மருந்தோடு 900. எக்ஸிபியன்ட் சேர்த்தால் மாத்திரை ஒரு கிராமைத் தாண்டும். மேலும் அது எஸ்டர், அம்மோனியாவும் 70 டிகிரியும் பட்டால் டைக்ளோஃபெனாக் ஆக உடையும். அவர்கள் இந்த முறையை எடுக்க வேண்டாம். 1:1இல் 420 மி.கி. வருகிறது, 0.1 முதல் 0.25% பி.வி.பி. கே-30 அல்லது எச்.பி.எம்.சி. (நீரில் கரையும் பாலிமர்கள்) சேர்த்துப் பேஸ் சாலுபிலிட்டி போட்டு எஃபிஷியன்சி உயர்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உயரவில்லை என்றால் அந்த மருந்துக்கு சாலிட் டிஸ்பெர்ஷனோ துகள் அளவைக் குறைப்பதோதான் வழி.